ராணி வக்கிரசேனாவின் தொண்டை

ஜனவரி 18

கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது, கிடைத்தேவிட்டது! சாலிகிராமத்திலிருந்து கோடம்பாக்கம் வரை பஸ்ஸில் வந்தேனா, பறந்து வந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியபோது மகாராணி மாதிரி இரண்டு விரலால் வாங்கினேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

இந்த டைரி என் வீட்டுக்காரர் அமலனுக்கு ஏ.சி. கம்பெனியில் கொடுத்தது. "எனக்கு என்னத்துக்கு இது" என்று பரணில் போடப் போனார். இப்படி ஒரு நாளை எழுதிவைக்காமல் விட்டால் கர்த்தர் மன்னிக்கமாட்டார் என்று பிடுங்கிக்கொண்டேன்.

எட்டு வருடமாக டப்பிங்கில் இருக்கிறேன். எட்டு வருடமும் குரூப் வாய்ஸ்தான். சந்தையில் பின்னால் கேட்கிற பெண், சாவு வீட்டில் மூன்றாவதாக அழுகிற பெண், பஸ் கவிழும்போது அலறுகிற பெண், எல்லாம் இந்த ஜெசிந்தாதான். என் அலறலுக்கு மட்டும் தொழிலில் தனி மரியாதை உண்டு. போன வாரம் 'நாகபுரி மகுடம்' என்ற இந்தி சீரியலுக்கு நகரம் பற்றி எரிகிற காட்சி. டைரக்டர் முகுந்தன் சார் "இன்னும்மா, இன்னும்மா" என்று டேக் மேல் டேக் போனார். கடைசி அலறலில் தொண்டைக்குள் ஏதோ பட்டென்று விட்டது. மறுநாள் குரல் கட்டிக்கொண்டது.

இன்று அரண்மனைத் தோழிக்கு ஒரே ஒரு வரி பேச வேண்டும். "அரசி, தூதன் வந்திருக்கிறான்." பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகுந்தன் சார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"யாரும்மா அது?"

"நான்தான் சார், ஜெசிந்தா. தொண்டை கட்டியிருக்கு. நாளைக்கு வந்து மறுபடி..."

"வாயை மூடு. இல்ல, மூடாத! பேசு. ஒரே தொண்டையில ரெண்டு பேரு பேசுற மாதிரி இருக்கே! ஒருத்தி மேல, ஒருத்தி கீழ. காதர், கேட்டியா நீ?"

காதர் பாய்தான் எங்கள் சவுண்ட் இன்ஜினியர். லேசில் எதையும் பாராட்டமாட்டார். "கேட்டேன் சார். கையில முடி நிக்குது" என்றார்.

சீரியலின் வில்லி ராணி வக்கிரசேனாவுக்கு வாரக்கணக்கில் குரல் தேடிக்கொண்டிருந்தார்கள். இனி அவள் நான்தான்!

அமலனிடம் சொன்னேன். "குரல் கெட்டுப்போனதுக்கா வேலை குடுத்தானுவ? அப்போ எனக்குக் காலு ஒடிஞ்சா ஓட்டப் பந்தயத்துல சேத்துக்கிடுவானுவளா?" என்றார். இவருக்கு எப்போதும் ஒரு நக்கல்.

ஜனவரி 19

எதிர்வீட்டுக்காரம்மா தொண்டைக்கு நல்லது என்று மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி, அவர் போனதும் தொட்டியில் ஊற்றினேன். தொண்டை சரியாகிவிட்டால் என் கதி என்ன ஆவது!

ஜனவரி 23

முதல் நாள் ரெக்கார்டிங். அடேயப்பா!

திரையில் ராணி உதட்டைத் திறக்கிற அதே நொடியில் நான் திறக்க வேண்டும், அவள் மூடும்போது மூட வேண்டும். இந்தியில் அவள் நீளமாகப் பேசுவாள், தமிழில் அதற்குத் தக்கபடி இழுக்க வேண்டும். எட்டு வருடம் கூட்டத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துப் பார்த்தே படித்திருக்கிறேன். "உன் வம்சத்தின் விளக்கை என் மூச்சாலேயே அணைப்பேன்" என்று ஒரு வசனம். முதல் டேக்கிலேயே ஓகே! முகுந்தன் சார் டீ சொன்னார், எனக்கு மட்டும் ஸ்பெஷல் டீ. குரூப் வாய்ஸ் பிள்ளைகள் எல்லோரும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஷெரினுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேன். "அம்மா, ராணி வாய்ஸ்ல கேளு" என்றாள். ராணி குரலில் கேட்டதும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பிசகாமல் சொன்னாள். இத்தனை நாள் பிரம்புக்கு வராத கணக்கு!

ஜனவரி 27

பெரிய ஆபத்து, எப்படியோ தப்பினேன்.

நேற்று குடியரசு தினம், ரெக்கார்டிங் இல்லை. அமலனுக்கும் லீவு. மீன் குழம்பு வைத்தேன், தூங்கினேன், அதிகம் பேசவில்லை. இன்று காலையில் எழுந்து "ஷெரின்" என்று கூப்பிட்டால் குரல் பாதி தெளிந்திருக்கிறது! உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பதினோரு மணிக்கு ராணியைப் பேச வேண்டும், இந்தக் குரலோடு போனால் தோழி வேஷத்துக்குக்கூட வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

யோசித்தேன். ரங்கராஜபுரம் பக்கம் ரயில் தண்டவாள ஓரமாகப் போய் நின்றேன். மின்சார ரயில் தடதடவென்று கடக்கும்போது, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், அடிவயிற்றிலிருந்து ஓங்கி அலறினேன். அடுத்த ரயிலுக்கு இன்னொன்று. நாலைந்து ரயில் போனதும் ராணி திரும்பி வந்துவிட்டாள்.

மூளை என்றால் இதுதான் மூளை. இனி ரெக்கார்டிங் நாளில் எல்லாம் இதே வழி.

பிப்ரவரி 3

டிவியில் வந்துவிட்டேன்! கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் என் பெயர் எறும்பு மாதிரி ஓடியது. அமலன் போனில் படம் பிடிக்கப் போனார், அதற்குள் ஓடிவிட்டது. "நாளைக்கும் ஓடும்லா, பிடிச்சிருவோம்" என்று ஆறுதல் சொன்னார்.

காய்கறிக் கடையில் ஒரு அம்மா, "அந்த ராணி பேசுறப்ப எங்க வீட்டுல நாய் கட்டிலுக்கு அடியில போயிடுதுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசாமல் கத்திரிக்காய் பொறுக்கினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஸ்டூடியோ வாசலில் லோகிதா என்னைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொரு வயதுப் பெண், தருமபுரி பக்கம், குரூப் வாய்ஸுக்குப் புதிது. "அக்கா, எப்படிக்கா அந்தக் குரல் எடுக்கறீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினாள். பாவமாக இருந்தது. ரயில் விஷயத்தைச் சொன்னேன். கண்ணை அகல விரித்துக் கேட்டாள். குரு ஆகிவிட்டேன் போலிருக்கிறது!

பிப்ரவரி 9

கோயிலில் பாடவில்லை. மேல் சுரம் போனால் குரல் காற்றாகப் போகிறது. பாடகர் குழுவில் நின்று வாயை மட்டும் அசைத்தேன். எட்டு வருடத் தொழில் அனுபவம், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குச் சத்தமே வருவதில்லை. அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பழைய ஸ்கூட்டருக்குக்கூட நாலு உதை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 14

"இன்னும் கொஞ்சம் கரடா வேணும் ஜெசிந்தா" என்கிறார் முகுந்தன் சார். கொடுக்கிறேன். ஆனால் வார்த்தையின் முதல் எழுத்து விழுந்துவிடுகிறது. 'அழிப்பேன்' என்று ஆரம்பித்தால் 'ழிப்பேன்' என்றுதான் மைக்குக்குப் போகிறது. ஒரு பக்க வசனத்துக்கு இருபது டேக். காதர் பாய் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்ல யாராச்சும் டாக்டர்ட்ட காட்டச் சொல்லலியா?" என்று கேட்டார். பாய்க்கு எப்போதும் பயம்தான்.

குரலை மைக்குக்காகச் சேர்த்துவைக்க வேண்டும் என்று வீட்டில் கிசுகிசுவென்றே பேசுகிறேன். அமலனுக்கு எரிச்சல். "வீட்டுல பொணம் கெடக்கா? எதுக்குட்டி குசுகுசுங்க?" என்றார். காதலர் தினத்தன்று பேசுகிற பேச்சா இது? அப்புறம் அவரே பாதாம் அல்வா வாங்கி வந்தார்.

பிப்ரவரி 17

இன்று ஒன்றும் நடக்கவில்லை. மாவு புளித்துவிட்டது. தண்ணீர் கேன் வரவில்லை.

பிப்ரவரி 18

நேற்று நடந்ததை எழுதாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும். எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஷெரினோடு வந்துகொண்டிருந்தேன். பையில் தக்காளி, அதனால் அவள் கையைப் பிடிக்கவில்லை. தெருமுனையில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஷெரின் பூனைக்குட்டி ஒன்றைப் பார்த்து, குனிந்து, அதன் பின்னாலேயே லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓடினாள். நான் வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. காற்று. வெறும் காற்று. இன்னொரு தடவை திறந்தேன். புஸ்ஸென்றது. எட்டு வருடமாகக் காசு வாங்கிக்கொண்டு அலறுகிறவள் நான்!

அயர்ன் வண்டிக்காரர்தான் "ஏய் பாப்பா!" என்று போட்ட சத்தத்தில் ஷெரினும் நின்றாள், லாரியும் நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைக்குட்டி மதிலேறிவிட்டது. தக்காளி எல்லாம் ரோட்டில்.

"ஏம்மா, நீ கூப்டவே இல்ல?" என்று ஷெரின் கேட்டாள். அவள் சும்மாதான் கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 20

டாக்டர் மங்கையர்க்கரசி. பெயருக்கேற்ற மாதிரி கம்பீரமாக இருப்பார் என்று நினைத்தேன். பார்த்தால் என் தோளுயரம், பல்லிடுக்கில் சூயிங்கம். அமலன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஷெரினையும் கூட்டிக்கொண்டு உடன் வந்தார்.

தொண்டையில் மரத்துப்போகிற மருந்து அடித்து, நாக்கைத் துணியால் இழுத்துப் பிடித்து, ஒரு கேமராக் கம்பியை உள்ளே விட்டு "ஈ சொல்லுங்க" என்றார். 'ஈ' சொன்னேன். பக்கத்து டிவியில் என் குரல் தெரிந்தது! ஆமாம், தெரிந்தது. இத்தனை வருடம் பிழைப்பு நடத்துகிற சாமானை இன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். வெள்ளையாக இரண்டு சின்ன மடிப்பு, அவ்வளவுதான். அதில் ஒன்றின் ஓரத்தில் சிவப்பாக ஒரு உருண்டை, மாதுளை முத்து மாதிரி.

"விளக்கு விட்டு விட்டு எரியுது, அதனால மெதுவா அசையற மாதிரி தெரியுது. நெஜத்துல செகண்டுக்கு இருநூறு தடவைக்குக் கிட்ட இது ரெண்டும் சேர்ந்து சேர்ந்து பிரியும்" என்றார் டாக்டர். "பால் காய்ச்சினா மேல ஆடை படியும் பாருங்க? ஊதினா அந்த ஆடை மட்டும் நெளியும். அதே மாதிரிதான். மேல மெல்லிசா ஒரு தோல், அடியில ஜெல்லி மாதிரி ஒரு அடுக்கு, அதுக்கும் அடியில தசை. மேல்தோல் அந்த ஜெல்லி மேல அலையா ஓடுனாத்தான் நல்ல குரல். எப்பயாச்சும் ஓவரா கத்துனீங்களா?"

அமலன்தான், "அதான் டாக்டர் இவ வேலையே" என்றார்.

"அன்னைக்கு உள்ள ஒரு சின்ன ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. ரெண்டு வாரம் வாயை மூடியிருந்தா அதுவாவே வத்தியிருக்கலாம். அது மேலயே கத்திக் கத்தி, கசிஞ்ச ரத்தம் இப்படிக் கட்டிக்கிச்சு. பாலிப்னு சொல்வோம். அது எதிர்ப்பக்கத்துல போய் இடிச்சு இடிச்சு அங்கயும் தடிப்பு. நடுவுல சந்து விழுது, காத்து ஒழுகுது. முதல் எழுத்து விழுதுன்னீங்களே, அதுக்கும் இதுதான் காரணம்."

"அந்த ரெண்டு குரல்?" என்று கேட்டேன்.

"ஒரு மடிப்புல சுமை ஏறிடுச்சு. அது ஒரு வேகத்துல அதிரும், இது ஒரு வேகத்துல அதிரும். தனித்தனியா ரெண்டு சுருதி கேக்கும்."

ஆக முகுந்தன் சார் எழுந்து நின்றது எனக்காக அல்ல. அந்த முத்துக்காக.

"புத்து நோயா டாக்டர்?" என்று அமலன் கேட்டார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. "பார்த்தா அப்படி இல்ல. இருந்தாலும் எடுத்ததும் டெஸ்டுக்கு அனுப்பிடுவோம்" என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்ய வேண்டும், அந்த ஜெல்லி அடுக்கில் கை படாமல் மேலோடு எடுக்க வேண்டும். அதில் தழும்பு விழுந்தால் தோல் அடியில் ஒட்டிக்கொள்ளும், அலை ஓடாது. எடுக்காமல் இப்படியே கத்திக்கொண்டிருந்தாலும் முடிவில் அதே தழும்புதானாம்.

"கிசுகிசுன்னு பேசறீங்களே, அதையும் நிறுத்துங்க. அதுவும் தொண்டையை நெருக்கித்தான் வருது" என்றார் கடைசியாக. இத்தனை நாள் சேமிப்பும் வீண்!

எடுத்தால் குரல் வரும், ராணி போய்விடுவாள். எடுக்காவிட்டால் ராணி கொஞ்ச நாள் இருப்பாள், பிறகு இரண்டும் போய்விடும். பஸ்ஸில் அமலன், "நீ என்ன நெனைக்கியோ அதைச் செய்யி. நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஷெரினைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 22

முகுந்தன் சாரிடம் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் சேனல்காரன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறான். "போய் உடம்பைப் பாரும்மா. ஆனா ராணியை நான் நிறுத்தி வைக்க முடியாது. லோகிதா உன்னை மாதிரியே பேசிக் காட்டினா. அவளைப் போடறேன்" என்றார்.

"நான் திரும்பி வந்தா சார்?"

"அந்தக் குரலோட வந்தா பாப்போம்."

அந்தக் குரலை எடுக்கத்தானே போகிறேன்! படியிறங்கும்போது லோகிதா எதிரே வந்து காலைத் தொட்டாள். ஆசீர்வாதம் செய்தேன். மனசுக்குள் என்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டேன்.

பிப்ரவரி 27

நாளை ஆபரேஷன். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. ஷெரினுக்கு ராணி குரலில் கடைசியாக ஒரு கதை சொன்னேன். கதையில் ராணி திருந்திவிட்டாள். "நல்லாவே இல்ல" என்றாள் ஷெரின்.

மார்ச் 1

முடிந்தது. வெளியே ஒரு வெட்டு இல்லை, வாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். நாக்கு தடித்திருக்கிறது, பல் கூசுகிறது, வேறொன்றும் இல்லை. குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. உள்ளே பூட்டி வைத்திருக்கும் ஒரு பரிசைத் திறக்க விடாமல் உட்கார வைத்திருப்பதுபோல் இருக்கிறது.

ஷெரினின் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். அவள் அதைச் சத்தமாகப் படித்து எனக்கு டப்பிங் கொடுக்கிறாள். நான் 'துணி காயப் போடுங்கள்' என்று எழுதினால், "அப்பா, துணி காயப் போடணுமாம். அப்புறம் ஷெரினுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரணுமாம்" என்கிறாள். முழிக்கிறேன். "அம்மா ஆமாங்கறாங்க" என்கிறாள். என் பெண் பிழைத்துக்கொள்வாள்.

மார்ச் 3

லோகிதாவின் ராணி வந்துவிட்டாள். பார்க்கவே கூடாது என்றிருந்தேன். ஒன்பதரைக்கு ரிமோட் தானாகக் கைக்கு வந்துவிட்டது.

நன்றாகப் பேசுகிறாள், பாவி! வயிறு எரிந்தது. இரண்டாவது சீனில் "உன் ரத்தம்" என்று ஆரம்பித்தாள், 'உ' விழவில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு பொட்டுக் காற்று ஒழுகியது. காதைத் தீட்டினேன். அடுத்த வரியிலும் ஒழுகியது. மூன்றாவது சீனில் குரல் ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிந்து சேர்ந்தது. அது நடிப்பில்லை. எனக்குத் தெரியும் அது என்ன என்று. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை, "உன்னை மாதிரியேதான் பேசுதா" என்றார் அமலன்.

எரிச்சல் எங்கே போனதோ தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் 'தொண்டை எப்படி இருக்கிறது' என்று அனுப்பினேன். 'சூப்பர்க்கா' என்று இதயம் போட்டு அனுப்பினாள். ஜனவரியில் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் அனுப்பியிருப்பேன்.

மார்ச் 5

ஐயோ, இதை எப்படி எழுதுவேன், கை ஓடவில்லை!

சாப்பிடும்போது சிலேட்டில், 'உங்கள் இருவருக்கும் ரசம் வேண்டுமா?' என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில், ஒரே இழுப்பில் படித்தார்கள். "உங்கள் இருவருக்கும் ரசம் வேண்டுமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. ராணி! என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு நடுவில் ராணி வக்கிரசேனா ரசம் வேண்டுமா என்று கேட்கிறாள்!

கரண்டியைப் போட்டுவிட்டு இன்னொரு வரி எழுதினேன், இன்னொன்று, இன்னொன்று. இரண்டு பேரையும் சேர்ந்து படிக்க வைத்தேன். "சோறு ஆறுதுட்டி, என்ன வந்துச்சு ஒனக்கு?" என்றார் அமலன். போனில் பதிவு செய்து காதர் பாய்க்கு அனுப்பிவைத்தேன். 'யாரும் கத்தவில்லை பாய். இரண்டு பேர், இரண்டு டிராக். ஒட்டினால் ஒட்டுமா?' என்று கேட்டேன்.

பாயின் பதில்: 'ஒட்டும். உதடு பொருந்தணும், மூச்சு பொருந்தணும். கஷ்டம். ஆனா ஒட்டும்.'

மார்ச் 7

டாக்டர் மங்கையர்க்கரசி மறுபடி கேமராவை விட்டார். "ஈ சொல்லுங்க. மெதுவா."

சொன்னேன். ஒரு குரல். ஒன்றே ஒன்று! திரையில் இரண்டு மடிப்பும் இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்தன, ஆனால் பால் ஆடை நெளிகிற மாதிரி மேலே அலை ஓடியது. டாக்டர் சூயிங்கம் மெல்வதை நிறுத்திவிட்டு, "ஓடுது பாருங்க" என்றார். டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. அமலன் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

"இன்னைக்கு அஞ்சு நிமிஷம் பேசலாம். நாளைக்கு இன்னொரு அஞ்சு கூட்டிக்கலாம். கத்தவும் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது."

அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாரமாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். முதலில் ஷெரின் பெயரைச் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து, "அம்மா, நீ சின்னப் பொண்ணு மாதிரி பேசுற!" என்றாள். அதற்கு அரை நிமிடம். அடுத்தது அமலனோடு சண்டை போடுவதாக இருந்தது, தள்ளிவைத்துவிட்டு அவர் போனிலிருந்தே லோகிதாவைக் கூப்பிட்டேன்.

"அலோ, யாருங்க?" என்றாள். கரகரவென்று இரண்டு குரல்.

"ஜெசிந்தா பேசறேன்."

"அக்காவா? கொரலே வேற மாதிரி இருக்குதுங்க்கா! எப்ப வரீங்க? நாளைக்கு எனக்குப் பெரிய சீனு. ராணி விஷம் குடிச்சு அலறிக்கிட்டே கோமாவுக்குப் போறா. அதான்க்கா நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கறேன்."

"எந்த இடம்?"

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனுக்குள் தூரத்தில் மின்சார ரயிலின் ஹாரன் கேட்டது. தடதடப்பு நெருங்கி வந்தது. அவள் மூச்சை இழுப்பதும் கேட்டது, எனக்குத் தெரிந்த மூச்சு.

கத்தாதே என்று நான் கத்தக்கூடாது. உடம்பு முழுக்கக் கத்தச் சொல்லுகிறது, தொண்டைக்கு அனுமதி இல்லை. போனை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு, ஷெரினைத் தூங்க வைக்கிற குரலில் சொன்னேன். "லோகி. கத்தாதடா. வாயை மூடிக்கோ. நான் தப்பான வழி சொல்லிட்டேன். அங்கயே இரு, வரேன்."

ரயில் கடந்து போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். ரயில் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அவள் அழுகிற சத்தம். "காலையில சத்தமே வர்றதில்லைக்கா. ஊருக்குப் போயிருவேனோன்னு பயமா இருக்குது" என்றாள்.

மிச்சம் இருந்த நிமிடங்கள் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லச் செலவாயின. அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு மறுபடி டாக்டரிடமே போனேன்.

மார்ச் 8

லோகிதாவுக்கு வீக்கம் மட்டும்தான், முத்து கட்டவில்லை! இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தால் வற்றிவிடுமாம். சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என் மௌன விரதம் முடிந்து அவளுக்கு ஆரம்பம்.

இன்றைய அலறலுக்கு முகுந்தன் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். காதர் பாய் பழைய ஃபைலைத் தோண்டி, ஜனவரியில் நகரம் எரிந்தபோது நான் அலறிய அலறலை எடுத்துப் போட்டிருக்கிறார். அதாவது என் தொண்டையைக் கிழித்த அதே அலறலில் ராணி கோமாவுக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேண்டியதுதான்.

இன்னும் ஒரு நல்ல செய்தி. இந்தியில் ராணியாக நடிக்கிற அம்மணிக்குக் கல்யாணமாம்! மார்ச் முழுக்க ராணி கண்ணை மூடிப் படுத்தே கிடப்பாள். அந்தப் பொண்ணு தீர்க்கசுமங்கலியாக இருக்கட்டும்.

ஏப்ரல் 2

ராணி இன்று கண் விழித்தாள்.

முகுந்தன் சாருக்கு நம்பிக்கையே இல்லை. என் குரலைத் தனியாகக் கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் பிரச்சினை" என்றார். லோகிதா குரலைக் கேட்டார், அதுவும் தெளிந்திருந்தது, அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். "ஒரே ஒரு லூப், ஒரு வசனம் மட்டும் குடுங்க சார்" என்றார் காதர் பாய். இத்தனை வருடத்தில் பாய் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் இரண்டு மைக் வைத்தார். நடுவில் நாங்கள் இருவரும் தோளோடு தோள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தோளைத் தளர்த்தி, மூச்சை வயிற்றிலிருந்து எடுத்தோம். லோகிதாவின் கை சில்லென்றிருந்தது, பிடித்துக்கொண்டேன். அவள் மேலே, நான் கீழே.

முதல் டேக்கில் அவள் முந்திக்கொண்டாள். இரண்டாவதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் உதட்டை மறந்துவிட்டு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்க ஆரம்பித்தோம். திரையில் ராணி கண்ணைத் திறந்தாள், வாயைத் திறந்தாள்.

"நான் செத்துவிட்டேன் என்றா நினைத்தாய்?"

சாதாரணமாகப் பேசினோம். பக்கத்து வீட்டுக்காரியிடம் சர்க்கரை கேட்கிற சத்தம்தான்.

காதர் பாய் இரண்டு டிராக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஸ்பீக்கரில் விட்டார். ராணி அந்த அறை முழுக்க நின்றாள். ஒரு தொண்டை, இரண்டு பெண்கள். டீ கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். முகுந்தன் சார் ஜனவரியில் எழுந்து நின்ற மாதிரியே எழுந்து நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"அடேங்கப்பா!" என்றார். "முன்ன விட மிரட்டுது. உங்க ரெண்டு பேருல யாரு இப்படிக் கத்தினது?"

"யாரும் கத்தலை சார்" என்றோம், நானும் லோகிதாவும், சேர்ந்தே.